ஆல்பத்தில் என் இடத்தில் ஒரு ரோஜா

ஆல்பத்தின் அட்டைப் படம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்தபோது, நான் லேபில் ஒரு பெரியவர் கையில் ரத்தம் எடுக்க நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரை அனுப்பிவிட்டுத்தான் திறந்து பார்த்தேன். எங்கள் மாவட்டத்து ராப்பர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வட்டத்துக்குள் இருந்தார்கள். ஒருத்தன் கூலிங் கிளாஸில், ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டு முறைப்பாக, ஒருத்தன் யாருடையதோ புல்லட் மேல். ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழும் அவரவர் ஊர். மீமிசல் என்று எழுதிய வட்டத்தில் மட்டும் ஆள் இல்லை. பனித்துளியோடு ஒரு சிவப்பு ரோஜா இருந்தது.

மீமிசல் நான்தான். கூட்டத்தில் ஒரே பெண்ணும் நான்தான்.

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பது லேபில் எல்லோருக்கும் தெரியும். அன்று அது மூக்கோடு நிற்கவில்லை. போட்டோ அனுப்பியிருந்தேன். நல்ல போட்டோ, லேபுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் தோழி எடுத்தது, தலையில் ஷாலோடு, சிரித்தபடி. அதை அனுப்ப வேண்டுமா என்று அம்மாவோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியிருந்தேன். அவ்வளவு பாடும் ஒரு ரோஜாவுக்காகவா?

இந்த ஆல்பம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணனின் யோசனை. ஆட்டோவில் மைக் கட்டிப் போகிற நகைக்கடைத் தள்ளுபடியும், காதுகுத்து அழைப்பும், இறப்புச் செய்தியும் அவருக்குச் சோறு போடுகின்றன. ராப் என்றால் சென்னைக்காரன்தானா என்ற கடுப்பில், நம் மாவட்டத்தில் ஊருக்கு ஒரு குரல் என்று தேடிப் பிடித்துச் சேர்த்தார். சுவரில் மண்டபத்துப் பழைய ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டிருப்பார். பாடும்போது ஃபேன் போடக் கூடாது. வேர்த்துக் கொட்ட விராலிமலைக்காரன் தன் ஊரில் நிற்காமல் பைபாஸிலேயே பறக்கும் பஸ்களைத் திட்டிப் பாடினான். பொன்னமராவதிக்காரன் வேலை கிடைக்காததைப் பாடினான். நான் என் அத்தாவைப் பாடினேன். எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அத்தா சவூதியில் ஒரு மளிகைக்கடையில் வேலை பார்க்கிறார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். ஊரே வேன் பிடித்துத் திருச்சி ஏர்போர்ட் போகும். ஒரு தடவை, நான் பத்தாவது முடித்திருந்த வருஷம், வெளியே வந்தவர் தம்பியைக் கட்டிப்பிடித்துவிட்டு, என்னைப் பார்த்து யாரோ உறவுக்காரப் பெண் என்று நினைத்து நலம் விசாரித்தார். அம்மா சொன்ன பிறகுதான் மகள் என்று அவருக்குத் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஊர் வரை அழுதேன். அதைத்தான் எழுதியிருந்தேன்.

“கண்ணாடிக்கு அங்கிட்டு கை காட்டுற அத்தா,
இங்கிட்டு நிக்கிறது ஒம் புள்ளதான், உத்துப் பாத்தா.”

இப்படி ஒரு பாட்டு இருப்பதே அத்தாவுக்குத் தெரியாது. நான் ஏதோ பாடுகிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும், ஆனால் கேட்டதில்லை. நான் போட்டுக் காட்ட வரும்போதெல்லாம் அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்வார். போட்டோ விஷயத்தில் சண்டை முற்றிக் கடைசியில், “என்னமோ பண்ணு. ஒங்க அத்தா கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்ருவேன்” என்று கையைக் கழுவிவிட்டார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் பயம் அதுதான். பொய் சொல்வானேன், என் பயமும் அதுதான்.

அட்டையை வடிவமைத்தது விராலிமலைக்காரன். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் அவனுக்கு வேலை. போன் போட்டு, என் பாட்டை ரோஜாவா பாடியது என்று கேட்டேன். அவன் பதறிவிட்டான். அவன் கடைக்கு வருகிற பாய் வீட்டுக் கல்யாண ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளைக்கு போட்டோவும் பெண்ணுக்கு ரோஜாவும் போடுவதுதான் வழக்கமாம். போட்டோ வந்தாலும், அது கடைக்காரர் பார்வைக்கு மட்டும்தான் என்று எடுத்துக்கொள்வார்களாம். பெண் படத்தைப் போட்டு ஒரு தடவை பெரிய சண்டையாகிக் கடையையே மூடிவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

“ஒங்களுக்குப் பின்னாடி பிரச்சன வந்துரக் கூடாதுன்னுதான் சிஸ்டர் போட்டேன்” என்றான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா சங்கடப்படுவீங்கன்னு நெனச்சேங்க.”

அவனைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நன்றாக நாலு கேட்டிருப்பேன். இவன் ரோஜாவிலும் நல்லதாகத் தேடி, பனித்துளி வைத்ததாகப் பார்த்துப் போட்டிருக்கிறான். சாயங்காலத்துக்குள் சொன்னால் மாற்றிவிடலாம், அதற்கப்புறம் பாட்டெல்லாம் நெட்டில் ஏறிவிடும் என்றான்.

போனை வைத்த பிறகுதான் எனக்குள் வேறொன்று நடந்தது. அப்பாடா என்று இருந்தது. ரோஜாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டால் அத்தாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். பாட்டு ஊரெல்லாம் ஓடட்டும், பாடினது யாரோ. வரப்போகிற மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியாது. சும்மா விட்டுவிடலாமே என்று தோன்றியபோது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அவன் கேட்காமல் போட்ட பூவை நானே எடுத்துத் தலையில் சூடிக்கொள்வதா?

மத்தியானம், லேப் பின்பக்கம் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, பாட்டை அத்தாவுக்கு அனுப்பினேன். கீழே, ‘இத பாடுனது நாந்தான் அத்தா. என் போட்டோவும் போடணும்னு இருக்கேன்’ என்று மட்டும் எழுதினேன். நீல டிக் விழுந்தது. பாட்டு முடிகிற நேரம் போயிற்று. இன்னொரு தடவை கேட்கிற நேரமும் போயிற்று. உள்ளே நர்ஸ் அக்கா கூப்பிட்டார். அத்தாவிடமிருந்து போன் வரவில்லை, உள்ளே போனேன். சாம்பிள் குழாயில் ஒட்டிய பேரை ரெண்டு தடவை சரிபார்த்தேன்.

அத்தா கூப்பிட்டபோது மறுபடி ஜெனரேட்டர் பக்கம் ஓடினேன். கடையில் யாரோ தண்ணீர் பாட்டில் கேட்கும் சத்தம் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

“ஏர்போர்ட்டுல அன்னைக்கு நடந்தத நீ மறந்திருப்பன்னு நெனச்சேன்மா.”

மறக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். அழுகை முந்திக்கொண்டது.

“நாந்தான் பெத்த புள்ள மொகம் தெரியாம நின்னேன். ஊருக்காச்சும் தெரியட்டும். போட்டோவப் போடச் சொல்லு. மொதல்ல எனக்கு அனுப்பு.”

மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது சொன்னால் என்று இழுத்தேன். பாட்டைக் கேட்டுவிட்டு வருகிறவன் வரட்டும் என்றார். சொல்லும்போது குரல் அவ்வளவு உறுதியாக இல்லை, அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னார். போட்டோவை அவருக்கும் அனுப்பி, விராலிமலைக்காரனுக்கும் திரும்ப அனுப்பினேன். அவனிடமிருந்து ஒரு கும்பிடு பொம்மை வந்தது.

அவன் அட்டையை மாற்றுவதற்குள் அத்தா வேலையை முடித்துவிட்டார். என் போட்டோவை வைத்து, மேலே பாட்டை ஓடவிட்டு, தன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். கடையில் கூட வேலை செய்கிற பையன்தான் செய்து கொடுத்திருக்க வேண்டும், அவருக்கு அதெல்லாம் தெரியாது. மீமிசலில் பாதிப் பேர் போனில் அத்தா நம்பர் இருக்கிறது. இனி மறைக்க ஒன்றுமில்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

லேப் விட்டு வெளியே வரும்போது அம்மா கூப்பிட்டார். ஏச்சு வாங்கத் தயாராகித்தான் எடுத்தேன். பின்னால் ஒரே பெண்கள் சத்தம்.

“ஒங்க அத்தா ஸ்டேட்டஸ்ல வச்ச பாட்டு பாதியிலயே நின்னுபோச்சு. மாமிமாரு எல்லாம் வந்து உக்காந்திருக்காக” என்றார் அம்மா. “மிச்சத்த அனுப்பு.”