எஸ்.எம்.எஸ். வேண்டாம் என்று யார் சொன்னது?

போன மாதம் பிரபு வீட்டு வாசலில் நின்று கத்தினேன். காரணம் இருந்தது.

பிரபு இங்கே போர்ட் பிளேரில் ஓர் அரசாங்க ஆபீஸில் கிளார்க். மதுரைக்காரன். எந்தத் தீவுக்கு எந்தக் கப்பல் எப்போது கிளம்பும் என்று சொல்லும் ஆப் ஒன்றை, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்தான். இலவசம். ஓப்பன் சோர்ஸ் வேறு — அதன் புரோகிராமை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். சாதா போன் வைத்திருப்பவர்களுக்கு எஸ்.எம்.எஸ். போகும். அவன் வீட்டு ஜன்னலில் கட்டிவைத்த ஒரு பழைய போன்தான் அதை அனுப்பும்.

புது அப்டேட்டில் எஸ்.எம்.எஸ்.ஸைத் தூக்கிவிட்டான். பதிலுக்குக் கலர் கலராக ஒரு மேப்!

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கும் செல்வி அக்கா என் பெயின்ட் கடைக்குப் பழைய வாடிக்கை. சாதா போன்காரர். இங்கே ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருந்தார். கப்பல் ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டது. மெசேஜ் இல்லை. அக்கா மறுநாள் பெட்டியோடு ஜெட்டிக்குப் போனால்... வெறும் கடல்.

“ஏன்டா தூக்கினே?”

“அண்ணே, ஆப்ல ஓட்டெடுப்பு வெச்சுத்தான் எடுத்தேன். எஸ்.எம்.எஸ். வேணும்னு ஒருத்தர்கூடச் சொல்லல.”

“ஆப் இல்லாதவன் ஆப்ல எப்படிடா ஓட்டுப் போடுவான்?”

பிரபுவும் கத்த ஆரம்பித்தான்.

“அரே அண்ணே, சுனோ, கேளுங்க! அந்த போன் வாராவாரம் மக்கர் பண்ணும். பொண்டாட்டி திட்டத் திட்ட நான்தான் சரி பண்றேன். ஒருத்தராவது கூட வந்து உக்காந்தீங்களா? நீங்க என்ன எழுதினீங்க, பாருங்க!”

மொபைலை நீட்டினான். ஆப்பின் கீழே என் பெயர். ஒரு ஸ்டார். ‘மேப்கூட இல்லை. இதெல்லாம் ஒரு ஆப்பா?’

அட... மேப் கேட்டது நான்தான்!

ஓசியில் கிடைப்பதைக் குறை சொல்லக் கூடாதா? சொல்லலாம். செய்கிறவன் இஷ்டத்துக்குப் பிடுங்கலாமா? கூடாது. ஆனால் சத்தம் போடுகிறவனுக்கு மேப் கிடைக்கிறது. சத்தம் போட வழியில்லாத அக்காவுக்குக் கப்பல் போய்விடுகிறது. பாதித் தப்பு பிரபுவுடையது. மீதி என்னுடையது.

“சரிண்ணே, எஸ்.எம்.எஸ். திரும்ப வரும். ஆனா அந்த போன் இனி உங்க கடையில. சார்ஜ் போடுறது, வர்ற காலை எடுக்கிறது எல்லாம் நீங்க. டீக்?”

டீக், சரி என்று தொலைத்தேன்.

இப்போது பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே அந்த போன் தொங்குகிறது. மெசேஜ் ஒழுங்காகப் போகிறது. மெசேஜ் கிடைக்கிறவர்களோ அந்த நம்பரைக் கப்பலுடையது என்றே நினைக்கிறார்கள். “கேப்டன் சாப், ஆட்டோல வந்துட்டே இருக்கோம். பத்து நிமிஷம் கப்பலை நிறுத்தி வைங்க!” என்று தினம் ஒருவர். அதற்கு நான் என்ன செய்ய? நங்கூரம் போடவா?

நேற்று செல்வி அக்கா பேசினார்.

“தம்பி, மெசேஜ் வந்திச்சு. ஆஸ்பத்திரியிலயும் வேற நாள் குடுத்திட்டாங்க. ஷிப்புல ஏறிட்டேன்.”

நெஞ்சு நிறைந்துவிட்டது. “சந்தோஷம் அக்கா.”

“ஆனா இங்க ஃபேன் சுத்தலயே தம்பி. அதையும் கொஞ்சம் பாருங்களேன்!”

நல்ல வேளை... ஸ்டார் போடும் இடம் அக்காவுக்குத் தெரியாது.