அண்ணாச்சியின் போன்

பழவங்காடியில் மொத்த மருந்து வியாபாரம் செய்யும் விஜய்குமார் அண்ணாச்சி தினமும் காலையில் பத்மநாபசாமியைக் கும்பிடப் போவார். கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் கணக்குப் பார்க்கும் ஆவுடைத்தாயின் மேஜையில் அதை வைத்துவிட்டுப் போவார்.

சங்கரன்கோவிலிலிருந்து பிழைக்க வந்த இடத்தில் புருஷன் விட்டுவிட்டுப் போனபின், தெருவே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அண்ணாச்சி மட்டும் தன் வியாபாரமெல்லாம் அடங்கிய போனை நம்பிக் கொடுத்தார். அவளுக்கு அது தாலியைவிடப் பெரிய மரியாதை.

கடையில் எல்லோரும் அண்ணாச்சி பெயரில்தான் கம்ப்யூட்டருக்குள் நுழைவார்கள். கடவுச்சொல் அவர் மகள் பெயர். சரக்கு இறக்க வருகிறவர்கள் வரைக்கும் அது தெரியும். யாராவது நுழைந்தால், ‘வருவது நீங்கள்தானா?’ என்று போன் கேட்கும். ஆவுடைத்தாய் ‘ஆம்’ என்று அழுத்துவாள். கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் ரெம்யா, "ஆளுக்கொரு பேர் வேணும் அண்ணாச்சி" என்று பலமுறை சொல்லியும், "எல்லாம் நம்ம பிள்ளைங்கதானே" என்று அவர் சிரித்துவிடுவார்.

அன்று அண்ணாச்சி கோயிலுக்குப் போயிருந்தபோது போன் விடாமல் துடித்தது. யாருக்கோ அவசரம் என்று அவள் ‘ஆம்’ அழுத்தினாள்.

"அனில், எதுக்குப்பா இத்தனை தடவை?"

எதிர் மேஜை அனில் நிமிர்ந்தான். "நானா? நான் வந்ததுலேருந்து என் கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கு சேச்சி. இனி கருமாதிதான் பாக்கி."

வேறு யாரும் இன்னும் வேலைக்கு வரவில்லை. அப்படியானால் உள்ளே போனது யார்?

பேசாமல் இருந்தால் அழுத்தியது அவள்தான் என்று யாருக்கும் தெரியாது. நாளையும் போன் அவள் மேஜைக்கு வரும். சொன்னால்? எழுந்து வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். உட்கார முடியவில்லை. கோயிலுக்கு ஓடினாலும் அந்தக் கூட்டத்தில் அண்ணாச்சியை எங்கே தேடுவது? அதற்குள் எவனோ ஒருவன் அண்ணாச்சி வேஷத்தில் உள்ளே உலாவிக்கொண்டிருப்பானே.

ரெம்யாவைப் போனில் அழைத்தாள். "கள்ளன் உள்ளே போயிட்டான் ரெம்யா. கதவைத் திறந்துவிட்டது நான்தான்."

"அழாதீங்க சேச்சி. இங்கேருந்தே கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற எல்லாரையும் வெளியே தள்ளிப் பூட்டிடறேன்."

‘இனிப் பணத்தை இந்த வங்கிக் கணக்கில் போடுங்கள்’ என்று மருந்துக் கடைகளுக்கெல்லாம் அனுப்ப, கள்ளன் அண்ணாச்சி பெயரில் எழுதியே வைத்திருந்தான். அனுப்புவதற்குள் ரெம்யா பூட்டிவிட்டாள்.

சந்தனப் பொட்டோடு திரும்பிய அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மாலைக்குள் கடையில் ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் வந்தன.

மறுநாள் கோயிலுக்குக் கிளம்பியவர், பழக்கதோஷத்தில் போனை நீட்டினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி."

"ஏன் ஆவுடை, நான் உன்னைச் சந்தேகப்பட்டேனா?"

"இல்ல அண்ணாச்சி. ‘நீங்கதானா’ன்னு உங்களைக் கேட்டா, இனி நான் பதில் சொல்லக் கூடாது, கேட்டியளா."

அவர் போனை லாக்கரில் வைத்தார். பூட்டிவிட்டுப் படியிறங்கினார். அந்த நடையில் இருந்தது வருத்தமா கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலை விட்டு நகர முடியாமல் நின்றாள்.