தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தவர்களும் என் வெப்சைட்டுகளும்

பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் ரிசப்ஷனில் உட்காருவது என் வேலை. வீடு அரியலூரில். காலையில் பஸ் ஏறி வந்து, மாலையில் பஸ் ஏறிப் போவேன். வருகிறவர்களின் பெயர், வயது, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வயிற்று ஸ்கேன் என்றால், "தண்ணி நல்லாக் குடிச்சிட்டு உக்காருங்க, முட்டுனதும் சொல்லுங்க" என்று அனுப்ப வேண்டும். அதன் பிறகு அவர்களும் காத்திருப்பார்கள், நானும் காத்திருப்பேன்.

அப்படிக் காத்திருந்த ஒரு மதியம், ரிப்போர்ட் அச்சடிக்கும் பேப்பர் வாங்குவதற்காக ஒரு கம்பெனியின் முகவரியைத் தட்டினேன். ஒரு எழுத்து தவறிவிட்டது போல. கம்பெனி வரவில்லை. தெருவில் கிடந்த நாற்காலி ஒன்றின் படம் வந்தது. கீழே இறக்கினால் இன்னொரு நாற்காலி. அதற்கும் கீழே இன்னொன்று. ஏதோ குளிர் நாட்டில் இருக்கும் ஒரு மனிதர், தன் ஊரில் வெளியே தூக்கிப் போடப்பட்ட நாற்காலிகளை மட்டும் படமெடுத்துப் போட்டிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் அதைப் பற்றி இரண்டு வரி. 'இதற்கு ஒரு கால் குட்டை. ஆனாலும் நேற்று ஒரு பூனை இதில் தூங்கியது.' என் அரைகுறை ஆங்கிலத்துக்கே அது புரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் எதையும் விற்கவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அடியில், தனக்குப் பிடித்த மற்ற பக்கங்கள் என்று சிலவற்றைக் கொடுத்திருந்தார். ஒன்றைத் தொட்டேன். வீட்டுக் கதவுகள் கிரீச்சிடும் சத்தத்தை மட்டும் பதிவு செய்து வைத்திருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றேன். அங்கிருந்து இன்னொருவர்.

அதிலிருந்து எனக்கு அது ஒரு வேட்டையாகிவிட்டது. எதையாவது விற்கிற பக்கமாக இருந்தால் சேர்க்க மாட்டேன். யாரோ ஒரு தனி ஆள், ஆசைக்குச் செய்ததாக இருக்க வேண்டும். பார்த்ததும் எனக்குச் சிரிப்பாவது வர வேண்டும், வாயாவது பிளக்க வேண்டும். அப்படிப்பட்டதையெல்லாம் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் புக்மார்க் செய்து வைத்தேன். பஸ்ஸில் போகும்போது போனில் தேடுவேன். கிடைத்ததை என் கணவருக்கு வாட்ஸப்பில் அனுப்புவேன். மறுநாள் வேலைக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் சேர்ப்பேன்.

கணவருக்குச் சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. நாம் நிற்கும் இடத்தில் நேராகக் குழி தோண்டிக்கொண்டே போனால் பூமியின் அந்தப் பக்கம் எங்கே வெளியே வருவோம் என்று காட்டும் ஒரு பக்கத்தை அவருக்குக் காட்டினேன். அரியலூரில் தோண்டினால் பெரு நாட்டுக்கு மேற்கே நடுக்கடலில் வருவோமாம்.

"நாங்க தோண்டுறது போதாதா? இத வச்சி என்னா பண்ணப் போற நீ?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. எறையூரிலிருந்து ஒரு பெண் வந்த நாளில்தான் முதன்முதலாக அதற்கு ஒரு பயன் கிடைத்தது.

முதல் பிரசவத்துக்கு முதல் ஸ்கேன். கல்யாணமாகி வருடக்கணக்கில் காத்திருந்து உண்டானது. கூடவே புருஷனும் மாமியாரும். அந்தப் பெண் பயத்தில் தண்ணீர் பாட்டிலை வாயருகே கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தாள். ஒரு மடக்குகூட இறங்கவில்லை. நான் மானிட்டரை அவள் பக்கம் திருப்பினேன்.

"இங்க வா பாப்பா. இந்த மவுஸைப் புடிச்சி ஒரு வட்டம் போடு. எவ்ளோ சரியா இருக்குதுன்னு இதுவே மார்க் போடும்."

அவள் போட்டாள். எழுபத்தெட்டு வந்தது. புருஷன் எட்டிப் பார்த்து, "தள்ளு, நான் போடுறேன்" என்று வந்தார். அறுபத்தொன்று. அவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள். பின்னாலிருந்து மாமியார், "என்னாடி அது, நானும் போடுறேன்" என்று வந்து உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்துப் பழக்கமில்லாததால் முதல் தடவை கோடு எங்கோ ஓடியது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டார். தொண்ணூற்று மூன்று.

"தெனம் வாசல்ல போடுற கோலம் சும்மாவா?" என்றார் அந்த அம்மா. ஹாலில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். மார்க்கைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்திருந்தாள். ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வந்தவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒன்று காட்ட ஆரம்பித்தேன். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து அடிக்கடி வரும் ஒரு பெண்ணுக்குப் பித்தப்பையில் கல். புருஷன் ஷார்ஜாவில். ஜன்னல்கள் மட்டுமே உள்ள ஒரு பக்கத்தை அவளுக்குக் காட்டினேன். உலகத்தில் யார் யாரோ தங்கள் ஜன்னல் வழியாகத் தெரிவதை வீடியோ எடுத்துப் போட்டிருப்பார்கள். ஒரு ஜன்னலில் மழை, இன்னொன்றில் பனி, இன்னொன்றில் துணி காயும் மாடி.

"அக்கா, இத என் போனுக்கு அனுப்பிவுடுங்க. புள்ளைங்க அத்தாவுக்கும் அனுப்புறேன். ரெண்டு பேரும் ஒரே ஜன்னலப் பாப்போம்" என்றாள்.

புக்மார்க்குகள் நானூறைத் தாண்டியிருந்தபோது சென்டருக்குப் புது மேனேஜர் வந்தார். திருச்சிக்காரர், சின்ன வயது, சுறுசுறுப்பான ஆள். ஒரு திங்கட்கிழமை நான் வந்தபோது மேசையில் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது.

"பேஷண்ட் டேட்டா மொத்தமும் இதுல ஏத்தியாச்சு மேடம். பழசு எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு" என்றார்.

"அதுல புக்மார்க் வச்சிருந்தேனே சார்?"

"புக்மார்க்கா? டிஸ்க்கைச் சுத்தமா அழிச்சிட்டுத்தான் குடுத்தோம். பேஷண்ட் விவரம் வெளிய போவக் கூடாதுல்ல."

அவர் செய்தது சரிதான். அதனால் கோபப்படவும் முடியவில்லை. என் போனையும் அதற்கு முந்தின மாதம்தான் மாற்றியிருந்தேன், பழைய வாட்ஸப் எதுவும் வரவில்லை. அன்று முழுக்க டோக்கன் கூப்பிடும் குரல்கூட எனக்குச் சரியாக எழும்பவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு வருடத் தேடல். பெயர்கள்கூடப் பாதி ஞாபகமில்லை.

"இதுக்குப் போயா அழுவுற?" என்று சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்தார். ஒரு நாளும் பதில் போடாமல் வாங்கி வைத்திருந்த என் செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனார். அது போய்க்கொண்டே இருந்தது. "பஸ்ல இருந்து நீ அனுப்புனது எல்லாம் இங்கதான் கெடக்கு. சாப்பாட்டு நேரத்துல நாங்க நாலு பேரு இதத்தான் பாப்போம்."

"ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"சொன்னா இன்னும் பத்து அனுப்புவ" என்றார்.

அவரிடம் பாதிக்குமேல் இருந்தது. மீதியெல்லாம் ரிசப்ஷனில் உட்கார்ந்து நான் கண்டுபிடித்தவை. அவற்றை நான் பார்த்தேன், காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். அப்படியென்றால் அவர்களிடம் கேட்கலாமே என்று தோன்றியது. லிங்க் அனுப்பச் சொல்லிப் பலர் என் நம்பரை வாங்கி வைத்திருந்தார்கள். வாட்ஸப் ஸ்டேட்டஸில் எழுதினேன்: 'நம்ம ஸ்கேன் சென்டரில் நான் உங்களுக்குக் காட்டிய வெப்சைட் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? லிங்க் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அதில் என்ன பார்த்தீர்கள் என்றாவது சொல்லுங்கள்.'

முதலில் வந்தது லெப்பைக்குடிக்காட்டுப் பெண்ணின் பதில். "ஜன்னல் பத்திரமா இருக்குக்கா" என்று லிங்க்கை அனுப்பியிருந்தாள். கூடவே இன்னொன்று. தன் வீட்டு மாடி ஜன்னலையும் எடுத்து அந்தப் பக்கத்தில் போட்டிருந்தாள். தென்னை மரம், தூரத்தில் பள்ளிவாசல் மினாரா, ஒரு காக்கா. "அவுக அங்கேருந்து நம்ம வூட்டு ஜன்னலப் பாக்குறாக, அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுதியிருந்தாள்.

பிறகு ஒவ்வொருவராக அனுப்பினார்கள். லிங்க் இல்லாதவர்கள் சொன்னதுதான் வேடிக்கை. "அதான் மேடம், பட்டனை அமுக்குனா கழுதை கத்துமே", "அந்த ஆளு மேகத்துக்கெல்லாம் பேரு வப்பாரே", "எங்க வயித்துக் கடுப்பு மறக்குற மாதிரி ஒண்ணு காட்டுனீங்களே, தவளைன்னு நெனைக்கிறேன்". இதையெல்லாம் வைத்து நானும் கணவரும் மாற்றி மாற்றித் தேடினோம். ஒன்று கிடைத்தால் அவர் கையைத் தட்டுவார். தவளை மட்டும் கடைசிவரை கிடைக்கவேயில்லை. ஆனால் தவளையைத் தேடிப் போன இடத்தில் வேறு ஏழெட்டுப் புதியவை மாட்டின. பழையதை அனுப்பியவர்களும் தாங்களாகக் கண்டுபிடித்த புதியவற்றை அனுப்ப ஆரம்பித்தார்கள். இரண்டே மாதத்தில் நான் இழந்ததைவிட அதிகமாகச் சேர்ந்துவிட்டது. அவற்றையெல்லாம் இந்தத் தடவை என் மெயிலிலேயே பத்திரப்படுத்திக்கொண்டேன்.

ஆனால் காத்திருப்பவர்களுக்கு நான் மறுபடி அவற்றைக் காட்டுவது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "ரிசப்ஷன்ல விளையாட்டு வேண்டாம் மேடம். சென்டருக்கு ஒரு மரியாதை இருக்குல்ல" என்றார். நான் மானிட்டரைத் திருப்புவதை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். பதினோரு மணி வாக்கில் ஸ்கேன் மெஷின் நின்றுவிட்டது. திருச்சியிலிருந்து இன்ஜினியர் வர வேண்டும். ஹாலில் உட்கார இடமில்லை. பாதிப் பேர் தண்ணீர் குடித்துத் தயாராக இருந்தவர்கள். "எம்மாம் நேரம்யா ஆவும்?" என்று ஒருவர் குரலை உயர்த்த, நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். சிறுவாச்சூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் எழுந்து கிளம்பியது. மேனேஜர் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். எடுபடவில்லை. வேர்த்துப்போய் என் மேசைக்கு வந்து குனிந்தார்.

"மேடம், உங்ககிட்ட... அந்த வெப்சைட்டு எதாச்சும் இருக்கா?"

எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. "இருக்கு சார். ஹால் டிவிக்கு ஒரு வயர் மட்டும் போட்டுக் குடுங்க" என்றேன்.

அவரே நாற்காலி மேல் ஏறி வயரைச் சொருகினார். நான் கடலைத் திறந்தேன். மவுஸை உருட்ட உருட்ட நாம் கடலுக்குள் இறங்கிக்கொண்டே போகும் பக்கம் அது. இன்ன ஆழத்தில் இன்ன மீன் என்று ஒவ்வொன்றாக வரும். நான் வாசித்துச் சொல்லிக்கொண்டே உருட்டினேன். சுறா வந்தது, திமிங்கலம் வந்தது. வெளிச்சம் போய்த் திரை கறுத்தது. பல்லைக் காட்டிக்கொண்டு தலையில் விளக்கோடு ஒரு மீன் வந்ததும் குழந்தைகள் கத்தின.

"நம்ம பக்கமே ஒரு காலத்துல கடலுதானாம்ல. கல்லு வெட்டுற எடத்துல சங்கு சங்கா கெடக்கே" என்றார் ஒரு பெரியவர்.

"அப்ப இது நம்ம பங்காளி!" என்று இன்னொருவர் அந்த மீனைக் காட்டினார்.

"யப்பா, சிரிக்க வைக்காதீங்கய்யா. எனக்கு முட்டிக்கிட்டு நிக்குது!" என்று ஒரு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓட, ஹாலே அதிர்ந்தது. சத்தம் கேட்டு, சென்டரை நடத்தும் டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்து வாசலிலேயே நின்று பார்த்தார். கிளம்பிப் போன சிறுவாச்சூர்க் குடும்பம் படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தது. "போதும்னு நிறுத்திடாத தாயி, அடி எங்க இருக்குன்னு பாத்துருவோம்" என்றார் அந்த வீட்டு ஆள். அடிவரை போனோம். தரை வந்ததும் கைதட்டினார்கள். அதன் பிறகு வேறு, அதன் பிறகு இன்னொன்று. மூன்று மணிக்கு இன்ஜினியர் வந்து மெஷினைச் சரி செய்தபோது ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. மேனேஜர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். முதல் டம்ளரை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "இனிமே அந்த டிவில சீரியல் வேணாம். உன் வெப்சைட்டே ஓடட்டும். எது போடணும்கிறது உன் பொறுப்பு" என்றார்.

அந்தத் தெம்பில்தான் எனக்கென்று ஒரு பக்கம் ஆரம்பித்தேன். நான் சேர்த்த ஒவ்வொரு லிங்க்கின் கீழும், அது என்ன, ஏன் பிடித்தது என்று தமிழில் இரண்டிரண்டு வரி. பக்கத்தை வெளியிட்ட அடுத்த வாரம், ஜெயங்கொண்டத்திலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தார். 'அக்கா, நானும் ஒன்று வைத்திருக்கிறேன். இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. உங்கள் பக்கத்தில் இடம் உண்டா?'

பஸ்ஸில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். ஜெயங்கொண்டம் கடைவீதியில் எழுத்துப் பிழையோடு தொங்கும் போர்டுகளின் படங்கள். அறை என்பதற்குப் பதிலாக 'அரை வாடகைக்கு விடப்படும்' என்றது ஒரு போர்டு. அதன் கீழே அவர் எழுதியிருந்தார்: 'மீதி அரை வாடகையை யார் கொடுப்பது என்று கேட்டேன். விரட்டிவிட்டார்.'

நான் சிரித்த சிரிப்பில் முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் போனை நீட்டினேன். அவள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அரியலூர் வருவதற்குள் என் போன் மூன்று சீட் தாண்டிப் போயிருந்தது.