பாரிஸ் விழுந்த செய்தி

ஓய்வுபெற்ற வரலாற்று விரிவுரையாளருக்குப் பொழுது போகாது என்று பலர் எச்சரித்திருந்தார்கள். நான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் பிரஷ்யர்களுக்கும் நடந்த போரை எடுத்துக்கொண்டேன். அக்காலத்தில் சிங்கப்பூரில் அச்சான ஆங்கில நாளிதழ்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. சனிக்கிழமைதோறும் நானும் என் மனைவியும் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போவோம். வழக்கமான கடையில் பசியாறியபடி, கைக்கணினியில் ஓர் இதழைத் திறந்து அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவேன்.

முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது அவள் விதித்த ஒரே நிபந்தனை. அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். தளபதிகளைவிடக் கட்டுத்துணி இருப்பைப் பற்றியே அதிகம் விசாரித்தாள். முற்றுகைக்குள்ளான பாரிஸில் மிருகக்காட்சிசாலை யானைகளையும் சமைத்துவிட்டார்கள் என்று நான் வாசித்த அன்று, தோசையைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"வெங்காயமாச்சும் இருந்திருக்குமாங்க?"

நாளிதழில் அதுபற்றிக் குறிப்பில்லை.

கடைக்காரர் ராமநாதபுரத்துப் பக்கம். கல்லாவிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார். போரின் காரணங்களில் அவருக்கு ஆர்வமில்லை. "நான் ஆன்டி கட்சி" என்று என் மனைவியோடு பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் சேர்ந்துவிட்டார்.

ஐரோப்பியச் செய்திகள் அன்று பெரும்பாலும் கப்பலில் வந்தன. அச்சேறும்போது வாரக்கணக்கில் பழையவை. இதை விளக்கியபோது அவள் சொன்னாள்: "அப்ப இவங்க படிக்கிற நேரத்துல அந்தத் தளபதி செத்தே போயிருக்கலாம்."

"நூத்தம்பது வருஷமாச்சு. எல்லாருமே செத்துட்டாங்க."

"முடிவைச் சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல."

முற்றுகை முடிவதற்குள் அவள் இறந்துபோனாள். இதயம் என்றார்கள். அதன்பின் நான் அந்த நாளிதழ்களைத் திறக்கவில்லை. அடுத்த கப்பல் வராதவரை பாரிஸ் விழவில்லை. வரலாறு கற்பித்தவன் எடுக்கத்தக்க நிலைப்பாடு அல்ல இது. இருந்தும் அதிலேயே இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து, கண் மருத்துவரைப் பார்க்க பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டியிருந்தது. கடைக்காரர் அவருடைய உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய், அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என்னைக் கண்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சாருக்கு தே தாரிக். ஆன்டிக்கு சீனி இல்லாம தே ஓ."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆன்டி பூக்கடையில நின்னுட்டாங்களா? வரட்டும் லா. நான் இல்லாதப்ப சண்டை என்னாச்சு சார்?"

எதை முதலில் சொல்வது என்பதில் தயக்கம் இருந்தது. சுலபமானதைத் தேர்ந்தெடுத்தேன்.

"பாரிஸ் விழுந்துருச்சு."

"அடப் பாவமே. ஆன்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுக்கு முன்னாடியே இறந்துட்டா."

அவர் "இன்னா லில்லாஹி" என்று இறந்தவர்களுக்காகச் சொல்லும் வாசகத்தை முணுமுணுத்தார். அதற்குள் இரண்டு கண்ணாடிக் குவளைகளும் வந்துவிட்டன. கொண்டுவந்தவர் சர்க்கரையில்லாத தேநீரை எதிர் இருக்கைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார். கடைக்காரர் அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அங்கேயே உட்கார்ந்தார்.

"முடிவை மொதல்லயே சொல்லிட்டீங்களே சார். ஆன்டி இருந்தா விட்டிருக்க மாட்டாங்க."

"விட்டிருக்க மாட்டா."

"சரி, பரவால்ல. எப்படி விழுந்துச்சுன்னு படிங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே வச்சுக்குங்க."

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவர் இனிப்பு இல்லாமல் குடிப்பவர் அல்லர். ஆனாலும் குவளையைத் தள்ளிவைக்கவில்லை.

பையிலிருந்து கைக்கணினியை எடுத்தேன். நிறுத்திய பக்கம் அப்படியே இருந்தது: நகரத்திலிருந்து கடிதங்களை ஏற்றிக்கொண்டு ஒரு பலூன் கிளம்பியிருந்தது. அந்த இதழில் பாரிஸ் இன்னும் விழவில்லை. அங்கிருந்து தொடங்கினேன்.