என் பங்கு விளக்கெண்ணெய்

ஜீரணக் கருவிகளின் பெயர்களை நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்லிவிடுவேன். வாய், தொண்டை, உணவுக்குழல், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல். இந்தப் பாடத்தில் கெட்டிக்காரன் என்று படித்த இடமெல்லாம் பெயர் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரை முதன்முதலில் வாங்கிய நாளைப் பற்றி இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. சொல்லிக்கொள்ளும்படியான நாள் அல்ல அது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இராசிபுரத்துக்குக் கிழக்கே, கம்பும் கடலையும் விளைகிற மேட்டுக்காட்டு ஊர் எங்களுடையது. வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். என்னைப் பள்ளிக்கு அனுப்புவதில் அப்பாவுக்கு, எங்கள் வாயில் அய்யனுக்கு, அரை மனசு. ஆடு மேய்க்க ஆளில்லை என்று மாதத்துக்கு ஒரு முறையாவது பேச்செடுப்பார். அம்மாதான் ஏதாவது சமாதானம் சொல்லி அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

மாரியம்மன் நோம்பி முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்று நாள் கறியும் மாவிளக்கு மாவும் பொரியுமாகத் தின்று தீர்த்த வயிற்றை ஒருமுறை கழுவிவிட்டால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்பார்கள். வேலியோரத்து ஆமணக்கு முத்தை வறுத்து இடித்துக் காய்ச்சிய எண்ணெய் ஒரு கலயத்தில் எப்போதும் இருக்கும். செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது, அமாவாசை கூடவே கூடாது என்று பார்த்து நாள் குறிப்பவள் அத்தை. அய்யனுக்கு அக்கா, எங்களோடேயே இருந்தாள். அந்த வருஷம் அவள் குறித்தது புதன்கிழமை.

அதே புதன்கிழமைதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. வாத்தியார் சுவரில் கரித்துண்டால் ஒரு மனிதனை வரைந்து, அவன் வயிற்றுக்குள் குடலைச் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் முன்னால் அதைக் கோலால் தொட்டுக்காட்டிப் பாடம் ஒப்பிக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். பதினைந்து நாள் ஆடுகளுக்கும் கிணற்றுக்கும் ஒப்பித்து ஒப்பித்துப் பழகியிருந்தேன். பேதிக்குக் குடித்தவன் கோலும் கையுமாக நிற்க முடியுமா? சொம்பும் கையுமாகக் காட்டுப்பக்கம்தான் ஓட வேண்டும்.

அய்யனிடம் அழுது பார்த்தேன்.

"கலெக்டரே வந்தாலும் வயிறு வயிறுதான்டா" என்று சொல்லிவிட்டு ஏர் கட்டப் போய்விட்டார்.

காலையில் அம்மா இரண்டு டம்ளரில் சுக்குக் கஷாயத்தைச் சூடாக ஊற்றினாள். எண்ணெயைச் சின்னக் கரண்டியால் அளந்து என் டம்ளரில் கூடுதலாகவும், ஐந்து வயதுத் தங்கையின் டம்ளரில் குறைவாகவும் விட்டாள். அவள் கை அதில் தவறியதே இல்லை. அந்த நேரம் பார்த்து எருமைக்கன்று கயிற்றை உருவிக்கொண்டு தாயிடம் முட்டியது. பாலை முழுவதும் குடித்துவிடுமே என்று அம்மா எழுந்து ஓடினாள். நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. என் டம்ளரை எடுத்துத் தங்கையின் டம்ளரில் கவிழ்த்தேன். விளிம்பு வரை நின்றது.

"இதக் குடிச்சிரு அம்மிணி. வந்ததும் என் பொரி பூராவும் உனக்குத்தான்."

"பூராவுமா?"

"பூராவும்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று குடித்தாள். அம்மா திரும்பி வந்தபோது இரண்டு டம்ளரும் காலி. நான் முகத்தைச் சுளித்து, வெல்லத்துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, வயிறு கலக்கினால் வழியில் ஓடையோரம் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பிசகவில்லை. மென்ற உணவு உமிழ்நீரோடு கலந்து குழைவது, இரைப்பையில் கூழாவது, சிறுகுடலில் சத்து ரத்தத்தில் சேர்வது, மிச்சத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சி உடம்புக்கே திருப்பிக் கொடுப்பது என்று கோலை நகர்த்திக்கொண்டே போனேன். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, பாடத்தில் இல்லாத கேள்வி ஒன்று போட்டார். குடல் தண்ணீரை உறிஞ்சாவிட்டால் என்ன ஆகும்?

"பேதியாகுமுங்க. ஒடம்புத் தண்ணியெல்லாம் வெளிய போயிருமுங்க" என்றேன்.

"அப்போது என்ன செய்ய வேண்டும்?"

"போன தண்ணிய மறுபடி குடுக்கோணுமுங்க."

வாத்தியாருக்கு முகம் பூரித்துவிட்டது. இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டினார். இரண்டு மைல் தூரமும் அந்தத் தட்டை முதுகில் சுமந்துகொண்டே வீட்டுக்கு ஓடி வந்தேன்.

வாசலில் அய்யனின் குரல் கேட்டது. உள்ளே தங்கை கோணிச்சாக்கின் மேல் துவண்டு கிடந்தாள். கண் குழிந்து, உதடு வெடித்து, காலையில் பார்த்த முகமாகவே இல்லை. இருபது தடவைக்கு மேல் போய்விட்டதாம். கடைசியில் எழுந்து போகவும் தெம்பில்லை. அவள் தண்ணி, தண்ணி என்று முனகினாள். அத்தை கொடுக்க விடவில்லை. ஊற்ற ஊற்ற அதுவும் சேர்ந்து போகும், வயிறு காய்ந்தால்தான் நிற்கும் என்றாள். அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பச்சப்புள்ளைக்கு எத்தன ஊத்தறதுன்னு தெரியாத கையி என்ன கையி?" என்று அய்யன் அவளைக் கேட்டார்.

அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனை கரண்டி விட்டோம் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கு எல்லாம் தெரியும். யார் செய்தது என்று தெரியும். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன் ஊரறியச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தண்ணி குடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். படிக்கிற பையன் சொல்கிறான் என்று அத்தைகூடக் கேட்டிருப்பாள். ஆனால் வாயைத் திறந்தால் அந்த வார்த்தைக்குப் பின்னாலேயே மற்றதும் வந்துவிடும் என்று பயந்தேன். தங்கையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்பதை நினைக்க இன்றைக்கும் கூசுகிறது.

எங்கள் காட்டில் களை வெட்ட வருகிற அம்மாள் ஒருத்தி கூலிக்கம்பு வாங்க அந்நேரம் வந்தாள். ஆறு பிள்ளை பெற்று நான்கை வளர்த்தவள். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு நாக்கு காஞ்சு கெடக்குது. ஒண்ணும் ஊத்துலீங்களா?"

"ஊத்துனா அதுவும் போயிருமில்ல" என்றாள் அத்தை.

"போனாப் போகட்டுமுங்க, போறதுக்கு மேல ஊத்துங்க. வாடுன செடிக்கு யாராச்சும் தண்ணிய நிறுத்துவாங்களா? கஞ்சித்தண்ணில உப்புப் போட்டுக் குடுங்க சாமி. என்ற ரெண்டு போனது இப்புடி வயிறக் காயப்போட்டுத்தான்."

அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வரை சொட்டுச் சொட்டாக, கரண்டி கரண்டியாக ஊற்றினாள். வாந்தி எடுத்தபோது சற்றுப் பொறுத்து மறுபடி ஊற்றினாள். ஊற்றியது உடம்பில் தங்கிவிட்டது; வெயில் தாழ்ந்தபோது தங்கை ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாள். அம்மா அழுதது அப்போதுதான்.

கொஞ்சம் தெளிந்ததும் தங்கை, "அண்ணன் பொரி எங்க? பூராவும் தாரேன்னுச்சு" என்றாள்.

"எதுக்குக் கண்ணு தாரேன்னான்?"

தங்கை அம்மாவின் காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அடி விழப்போகிறது என்று காத்திருந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. அதனால், தங்கை சொன்னது வேறு ஏதோ என்று நானாகவே முடிவு செய்து மூச்சுவிட்டுக்கொண்டேன்.

அய்யன் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மறுபடி ஆரம்பித்தார். இனி இந்த வீட்டில் மருந்தை இவள் தொடக்கூடாது, அக்காதான் அளக்க வேண்டும் என்றார்.

"ஆமாங்க, என்ற கைதான் தவறிப்போச்சு" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் வழக்கம்போல் என் சிலேட்டைத் துடைத்துக் கையில் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினாள். அளவு தெரியாதவள் என்ற பேச்சு அவளுக்கு ஊரில் வெகுநாள் நிலைத்தது. யார் வீட்டிலாவது பிள்ளைக்கு மருந்து உரைத்தால், அவள் பக்கத்தில் போகமாட்டாள்.

அடுத்த நோம்பிக்கு அத்தைதான் எண்ணெய் அளந்தாள். அம்மா தங்கையை அழைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் கடைசிச் சொட்டுவரை குடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் அவளை உள்ளே கூட்டி வந்தாள். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. மூத்த பிள்ளை, அதுவும் படிக்கிற பிள்ளை என்று எனக்கு முதல் மரியாதை செய்கிறாள் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.