சம்பந்தி வீட்டில் இரண்டாவது லிட்டர்

ஐப்பசி அடைமழையில் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பெருங்குடல் பரிசோதனைப் பிரிவில் நான் தலைமைச் செவிலியாக இருந்தேன். குழாயைச் செலுத்திப் பார்ப்பவர் மருத்துவர்; அவர் கண்ணுக்கு ஏதேனும் தெரியவேண்டுமானால், வருகிறவரின் குடல் அதற்கு முன்பே காலியாகியிருக்கவேண்டும். அதைக் கவனிப்பது என் தொழில். குடலைக் காலியாக்கும் அந்த மருந்தைக் குடித்திருக்கும் வாசகர்களுக்கு இந்நேரம் நாக்கில் உப்பும் செயற்கை எலுமிச்சையும் ஏறியிருக்கும், சற்றே பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கோ, அந்த அறையின் கிருமிநாசினி நெடியும், சன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கிய ஈரக் குடைகளும்கூட இனிமையாகவே நினைவுக்கு வருகின்றன.

எடைமேடைக்காரர்

அன்று வந்தவர் இராமலிங்கம். பெண்ணாடத்துக்காரர். சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளை எடைபோடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதங்களாக அவருக்கு மலத்தில் இரத்தம். அவருடைய அண்ணன் இதே அறிகுறியை மூலம் என்று சொல்லிக் காலத்தைக் கடத்திக் குடல் புற்றுநோயில் இறந்தவர். தமக்கும் அதுதானா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை பரிசோதனை. மருந்தைக் குடித்துவிட்டுப் பெண்ணாடத்திலிருந்து பேருந்தில் வர இயலாது. ஆகவே கடலூரிலேயே செம்மண்டலத்தில் மகளைக் கொடுத்திருந்த வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

எல்லார்க்கும் எல்லா மருந்தும் ஆகாது. சிறுநீரகம், இதயம் பழுதில்லை என்பதை அவருடைய அறிக்கைகளில் பார்த்த பிறகே மருத்துவர் எழுதிக்கொடுத்தார். நான் விளக்கினேன். இரும்புச்சத்து மாத்திரை இன்றோடு நிறுத்தம். இரத்த அழுத்த மாத்திரை வழக்கம்போல. ஞாயிறு மாலை ஒரு லிட்டர், திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு இன்னொரு லிட்டர், கால் மணிக்கு ஒரு டம்ளராக, இடையிடையே தண்ணீர். ஏழு மணிக்குமேல் எதுவும் கூடாது. விடாத வாந்தியோ, தலைச்சுற்றலோ, கடும் வயிற்று வலியோ வந்தால் நிறுத்திவிட்டு எங்களை அழைக்கவேண்டும். அவர் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு டம்ளர் என்றால் எத்தனை மில்லி என்று கேட்டு, இருநூற்றைம்பது என்று அடிக்கோடும் இட்டார். அருகில் நின்ற அவர் மனைவி செல்வி சொன்னார்: “வூட்ல கொழம்புக்கு உப்பு போடறப்பகூட என் கையப் புடிச்சு நிறுத்திப் பாக்குற மனுசன் சிஸ்டர். நீங்க கவலப்படாதீங்க.”

வடிகட்டிய பாயசம்

இராமலிங்கம் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே குறிஞ்சிப்பாடிச் சமையல்காரர் ஒருவர், அன்றைய பரிசோதனைக்காக அமர்ந்திருந்தார். முன்தினம் தெளிந்த பானம் மட்டுமே குடிக்கவேண்டும். டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துத் தெரியவேண்டும் என்பது நான் சொல்லும் அடையாளம். இளநீர் ஆகும், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு ஆகும், பாலில்லாத தேநீர் ஆகும். சிவப்புச் சர்பத் ஆகாது. உள்ளே அது இரத்தம்போலத் தோன்றும். அவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் சமைத்துவிட்டு, பசிக்குப் பாயசத்தை வடிகட்டி இரண்டு டம்ளர் குடித்திருந்தார். வேறு நாள் குறித்துத் திருப்பி அனுப்பினேன். எடை குறைந்த லாரியைப் பார்ப்பதுபோல இராமலிங்கம் அவரைப் பார்த்தார். சமையல்காரரோ என்னிடம் கேட்டார்: “சேமியாவ எடுத்தேன், முந்திரிய ஒண்ணொண்ணாப் பொறுக்கி எடுத்தேன். அப்புறம் அதுல என்னாம்மா இருக்கு?”

ஐந்து, ஐந்தே கால், ஐந்தரை

அடுத்த திங்கட்கிழமை இராமலிங்கம் நோட்டை நீட்டினார். ஐந்து, ஐந்தே கால், ஐந்தரை, ஐந்தே முக்கால்: நான்கு டம்ளர், நான்கு நேரம், நான்கிற்கும் எதிரே ஒரு சரிக்குறி. கடைசியாகப் போனது எப்படி இருந்தது என்று கேட்டேன். “மஞ்சத் தண்ணியாட்டம், தெளிவா” என்றார். என் தாளில் அச்சிட்டிருந்த வாசகமும் அதுவே. வழக்கமாக இதே கேள்வியை உடன் வந்தவரிடம் தனியாகக் கேட்பேன். அன்று அந்த நோட்டின் நேர்த்தியில் மயங்கிக் கேட்காமல் விட்டேன். அது என் பிழை. இன்றுவரை அதற்குச் சமாதானம் தேடியதில்லை.

பத்தே நிமிடத்தில் மருத்துவர் குழாயை வெளியே எடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றியபடி சொன்னார்: “வலது பக்கம் முழுக்க மலம் மூடிக் கெடக்கு மேடம். அங்க ஒண்ணும் இல்லன்னு நான் எழுதித் தர மாட்டேன்.”

எட்டாவது தடவை

மயக்கம் தெளிந்ததும் அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தேன். “உங்கள் அண்ணன் காலத்தைக் கடத்தினார். நீங்கள் நோட்டில் பொய் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்” என்றேன். அவர் உண்மையைச் சொன்னார். சம்பந்தி வீட்டில் கழிப்பறை ஒன்றே ஒன்று. அதுவும் கூடத்தை ஒட்டி. ஞாயிறு மாலை முதல் லிட்டரைக் குடித்ததும், எல்லாரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, அவர்களைக் கடந்தே போய்வந்திருக்கிறார். விடிந்ததும் சம்பந்தி வேலைக்குக் கிளம்பவேண்டும், பேரன் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கவேண்டும். ஆகவே இரண்டாவது லிட்டரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிட்டார்.

“பெண்ணைக் கொடுத்த வீடுதானே, என்ன கூச்சம்?” என்று கேட்டேன்.

“பொண்ணக் குடுத்த வூடுன்றதாலதாங்க. ஏழு தடவ போனேன். ஏழு தடவையும் சம்பந்தி மரியாதையா எந்திரிச்சு நின்னாரு. எட்டாவது தடவ நான் எப்டிங்க போறது?”

சிதம்பரம் பேருந்து

மறுநாளே மீண்டும் பரிசோதனை என்று மருத்துவர் முடிவு செய்தார். அன்று மாலை நான் சிதம்பரம் திரும்பிய பேருந்தில், மழையில் நனைந்து ஒரு குடும்பம் ஏறியது. காலையில் மருத்துவமனைக்கு வந்திருந்த சம்பந்தி அம்மாள் வசந்தா, அவர் கணவர், மகன், புத்தகப் பையோடும் சீருடையோடும் பேரன். வசந்தா தம் மருமகளிடம் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளையும் செல்வியையும் இராமலிங்கத்துக்குத் துணை வைத்துவிட்டு, மற்றவர்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“நான் என்னா பண்ணேன்? மரியாதைக்கு எந்திரிச்சேன். அது ஒரு குத்தமா?” என்றார் கணவர்.

“உங்க மரியாத ஜாஸ்தியாயிதான் அந்த மனுசன் மருந்தக் கொட்டிட்டாரு. பேசாம வாங்க.”

வசந்தா என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து அமர்ந்து, முந்தானையால் பேரனின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “ஒரு நாளு சிதம்பரத்துல என் தங்கச்சி வூட்ல பாய் போட்டுப் படுத்துக்குறோம் சிஸ்டர். சம்பந்தி அண்ணன் எத்தினி தடவ வேணாலும் போவட்டும். எண்றதுக்கு அங்க ஆளு இல்ல.”

காராமணி அளவு

செவ்வாய்க்கிழமை செல்வியைத் தனியே அழைத்துக் கேட்டேன். உண்மையிலேயே தெளிவாகப் போயிருந்தது. முன்தினம் மூடிக்கிடந்த வலப்பக்கத்தில் காராமணி அளவில் ஒரு சதை வளர்ச்சி. அங்கேயே அகற்றி ஆய்வுக்கு அனுப்பினார்கள். பத்தாம் நாள் முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை, விட்டுவைத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய வகை. மருத்துவர் குறிக்கும் காலத்தில் மீண்டும் வந்து பார்த்துக்கொள்ளவேண்டும் என்றேன். இராமலிங்கம் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “எங்கண்ணன் அந்த ஒரு லிட்டரக் குடிக்க வாய்ப்பே இல்லாமப் போயிட்டாரு சிஸ்டர். எனக்குக் குடுத்தத நான் கொட்டுனேன்.”

இரண்டாம் முறை மருந்தை அவரே வாங்கினார். பரிசோதனைக் கட்டணத்தைச் செவ்வாயன்று, அவருக்கு மயக்கம் தெளியும் முன்பே, வசந்தா கட்டிவிட்டிருந்தார். முடிவு வந்த அன்றே இராமலிங்கம் முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டு செம்மண்டலம் போக, வசந்தா அதில் சிதம்பரம் போய்வந்த பேருந்துக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பேரன் கையில் கொடுத்துத் தாத்தாவிடமே சேர்ப்பித்தாராம். குடலைச் சுத்தம் செய்யும் மருந்து இப்போது எலுமிச்சையோடு ஆரஞ்சுச் சுவையிலும் கிடைக்கிறது என்றாலும், அதைக் குடிப்பவரைப் பார்த்து எழுந்து நிற்காமல் இருக்கச் சுற்றத்தாருக்கும் ஒரு வேளை மருந்து எழுதிக்கொடுக்கலாம் என்பதே என் நெடுநாளைய பரிந்துரை.