டப்பா காலியாகத்தான் வந்தது

நடந்தவை, வரிசையாக:

1. திருநீற்றுப் புதன் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் தொடக்கம்) காலை. எடை எழுபத்தெட்டு கிலோ. வாட்ஸ்அப்பில் ஓர் எடைக்குறைப்புக் குழுவில் சேர்ந்தேன்.

2. குருத்தோலை ஞாயிறு (ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு). அறுபத்தேழு. குழுவில் கைதட்டல் படங்கள்.

3. ஈஸ்டர் மதியம். அம்மா செய்த ஆப்பமும் மாட்டிறைச்சிக் குழம்பும். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

4. மூன்று மணி நேரம் கழித்து வலது விலா எலும்புக்குக் கீழே வலி. முதுகைச் சுற்றித் தோள்பட்டை வரை ஏறியது. வாந்தி.

5. மறுநாள் ஊர் மருத்துவர். எடை அறுபத்தாறு. "நாற்பது நாள் நோன்பு. இரைப்பை அழற்சி (வயிற்றின் உட்சுவர் புண்ணாதல்)" என்று சீட்டில் எழுதி மாத்திரை கொடுத்தார்.

ஐந்தாவது வரியில் இருக்கும் 'நோன்பு' அம்மா சொன்னது. நான் மறுக்கவில்லை.

நான் மென்பொருள் சோதிப்பவள். இரணியலில் ரயிலேறித் தினமும் திருவனந்தபுரம் போய், ஒரு செயலியில் என்னென்ன தப்பு என்று எண் போட்டு எழுதுவது என் வேலை. இதையும் அப்படியே எழுதிப் பார்க்கிறேன். ஆனால் எது எதனால் வந்தது என்ற இடத்தில் வரிசை குழம்பிவிடுகிறது.

எங்கள் வீடு கடற்கரையில். தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச்சாப்பாடு) இருப்பார். அந்த நாட்களில் சாப்பிடாமல் எழுந்து போகிறவளை எங்கள் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இது தெரிந்துதான் அந்தப் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

காலையில் தண்ணீரில் கலக்கிய ஒரு பவுடர், மதியம் வெள்ளரிக்காய், மாலை மறுபடியும் பவுடர். சோறு, எண்ணெய், தேங்காய் எதுவும் கூடாது. தினமும் எடைக்கருவியின் மேல் நிற்கும் பாதங்களைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். என் அட்டவணையில் எடை, தண்ணீர், நடை என்று மூன்று பத்திகள் இருந்தன. தலைசுற்றல், முடி உதிர்வு, தள்ளிப்போன மாதவிடாய் ஆகியவற்றுக்குப் பத்தி இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்கும் போனேன். முழங்காலிட்டது பொய்யில்லை. அந்தப் பசியில் எவ்வளவு கடவுளுக்கு, எவ்வளவு எடைக்கருவிக்கு என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

ஈஸ்டர் வலியைப் பற்றிக் குழுவில் எழுதினேன். உடம்பில் தேங்கிய கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி, விட்டுவிடாதீர்கள் என்று பயிற்சியாளர் பதில் போட்டார். அதற்கு வரிசையாக இதயக் குறிகள் விழுந்தன. நான் அதை நம்பினேனா, நம்ப விரும்பினேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அறுபதைத் தொடும்வரை தொடர்வது என்று முடிவு செய்தேன்.

நோன்புக்காலம் முடிந்துவிட்டதால் அம்மா பழையபடி மதியச் சாப்பாடு கட்டித் தந்தார். அதை அலுவலகத் தோழியிடம் கொடுத்துவிட்டு வெள்ளரிக்காய் தின்றேன். மீன்குழம்பு பிரமாதம் என்று அவள் சொன்னதை, நான் சொன்னதாக மாற்றி வீட்டில் சொன்னேன்.

மூன்று வாரத்தில் அந்த வலி இருமுறை வந்தது. இரண்டாம் முறை அம்மாவும் நானும் நேராக நாகர்கோவில் மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேனில் பித்தப்பையில் (கல்லீரலுக்குக் கீழே பித்தநீரைச் சேர்த்துவைக்கும் சிறு பை) சின்னச் சின்னக் கற்கள் தெரிந்தன. இதற்கு வழி இருக்கிறது என்று அறுவைச் சிகிச்சை மருத்துவர் நிதானமாகத்தான் பேசினார். பிறகு பழைய சீட்டையும் அன்றைய எடையையும் சேர்த்துப் பார்த்தார். அறுபத்திரண்டு.

"நோன்பு எப்பம் முடிஞ்சு?"

"ஈஸ்டரோட முடிஞ்சு, டாக்டர்" என்றார் அம்மா. "இப்பம் தெனமும் சோறு கெட்டிக் கொண்டுதான் போறா. டப்பா காலியாத்தான் வரும்."

அப்படியானால் கற்கள் மட்டும் காரணமாக இருக்காது என்றார் மருத்துவர். நன்றாகச் சாப்பிடும் பெண் மூன்று வாரத்தில் நான்கு கிலோ இளைத்தால் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனைகளும் வயிறு முழுவதற்கும் சி.டி. ஸ்கேனும் எழுதினார். எதைத் தேடுகிறார் என்று அவர் சொல்லவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்தார்.

நான் சொன்னேன். பவுடர், வெள்ளரிக்காய், தோழி, டப்பா எல்லாவற்றையும், வரிசையாக.

மருத்துவர் சீட்டில் சி.டி. ஸ்கேனை அடித்துவிட்டார். ரத்தப் பரிசோதனை இருக்கட்டும் என்றார். கல் எப்படி வரும் என்றும் விளக்கினார். உணவில் கொழுப்பே இல்லாதபோது பித்தப்பை சுருங்கி விரிய வேலையில்லை, பித்தநீர் தேங்கிக் கெட்டியாகிறது. உடம்பு வேகமாக இளைக்கும்போது அந்த நீரில் கொலஸ்ட்ரால் கூடுகிறது. இரண்டும் சேர்ந்தால் கல். அப்படியானால் இது அந்த உணவால்தானா என்று கேட்டேன்.

"ஆயிருக்கலாம். முன்னமே இருந்துமிருக்கலாம். பழைய ஸ்கேன் இல்லாம நான் எப்படிச் சொல்ல?"

எனக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' வேண்டியிருந்தது.

வெளியே நாற்காலி வரிசையில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஜெபமாலை இருந்தது, உருட்டவில்லை.

"கோயில்ல எல்லார்கிட்டயும் சொன்னேன் ஏட்டி. எனக்க மவ நாப்பது நாளும் நோம்புண்ணு."

நான் பழைய சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அவ எப்பிடி இருக்கா?"

"யாரு?"

"எனக்க சோறு தின்னவ. தடிச்சிருக்காளா?"

கொஞ்சம் என்றேன். அம்மா சிரிப்பதுபோல் தொடங்கி, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

இரண்டு வாரம் கழித்து, சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்தார்கள்.

இப்படி ஒரு குழுவில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. குறையுங்கள், குறைக்காதீர்கள் என்றெல்லாம் சொல்ல நான் யார்? மருத்துவர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், உங்களுக்காக வேறொருவர் பதில் சொல்ல விடாதீர்கள்.

இன்றைய நிலை. அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. எடை அறுபத்தெட்டு. வயிற்றில் நான்கு சிறு தழும்புகள். முடி இன்னும் உதிர்கிறது, முன்பைவிடக் குறைவாக. குழுவிலிருந்து விலகிவிட்டேன், அட்டவணையை இன்னும் அழிக்கவில்லை. அடுத்த தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பேனா என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பசி எது, பசி இல்லாதது எது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரிவதில்லை. அதனால் மதியம் ஒரு மணிக்கு டப்பாவைத் திறக்கிறேன். நானேதான் சாப்பிடுகிறேன்.